மீட்டர் மகானின் இடது கை

மருத்துவமனையில் டோக்கனுக்கு நிற்பவர்கள்கூடச் சண்டை போடுவார்கள். மீட்டர் மகானிடம் நிற்பவர்கள் போடமாட்டார்கள். அவ்வளவு பக்தி. விடிந்ததும் விடியாததுமாக அந்தத் தகரக் கொட்டகை முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டிவிடும். புகை கக்கும் வண்டி, இருமும் வண்டி, சைலன்சரைக் கம்பியால் கட்டிய வண்டி. மனிதர்களுக்கு ஆயுள் சொல்லும் தொழிலில் போட்டி அதிகமாகிவிட்டதால், மகான் மோட்டார் சைக்கிளுக்கு ஆயுள் சொல்ல இறங்கியிருந்தார்.

அவருடைய தத்துவம் எளிமையானது. புரளி எப்போதும் எளிமையாகத்தான் இருக்கும். சிக்கலாக இருந்தால் விற்காது. வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரில் எல்லாக் கட்டத்திலும் ஒன்பது வந்து நிற்கிறது அல்லவா? அடுத்து எல்லாம் பூஜ்யமாகப் புரளும் அந்த நொடியில் வண்டியின் பிறவி முடிகிறதாம். முடிகிற பிறவி துணைக்கு ஆள் தேடுமாம். சீட்டில் இருப்பவரைத்தான் தேடுமா, பின்னால் மாமியார் உட்கார்ந்திருந்தால் அவரையும் தேடுமா என்று ஒரு மருமகன் ஆவலாகக் கேட்டார். மகான் அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.

பரிகாரம் உண்டு. வண்டியை மகானின் மச்சான் நடத்தும் பழைய வண்டி யார்டில் விட்டுவிட வேண்டும். பாவத்தையும் சேர்த்து வாங்குவதால் மச்சான் கொஞ்சமாகத்தான் கொடுப்பார். அங்கே அந்த வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப்படும். மீட்டர் பின்னோக்கித் திருகப்படும். பிறகு அது கைக்குழந்தை மாதிரி வேறு ஒருவர் வீட்டுக்குப் போகும். மறுபிறவியைக் கண்ணெதிரே நடத்திக் காட்டியவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். பாராட்டத்தான் வேண்டும்.

இவ்வளவையும் ஜனங்கள் சும்மா நம்பிவிடவில்லை. ஆதாரம் கேட்டார்கள், மகானும் கொடுத்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்வார். டாங்கில் காது வைத்துக் கேட்பார். வலது கையை மீட்டர் மேல் வைத்து, இடது கையால் டாங்கின் அடிவயிற்றைத் தடவிக் கொடுப்பார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிறவிகளைப் பற்றி நீளமாக ஒரு பிரசங்கம். பிறகு, "மூச்சுத் திணறுது. தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வா. வழியிலயே நிக்கும். நின்னா எதையும் தொடாதே. தொட்டா பாவம் உன் கையில ஏறிடும். அப்படியே தள்ளிட்டு வந்துடு" என்பார்.

நிற்கும். ஒவ்வொரு வண்டியும் நிற்கும். நேற்றுவரை மலையேறிய வண்டிகூடத் தெரு நடுவிலிருக்கும் லாண்டரிக்கடையைத் தாண்டுவதற்குள் இரண்டு விக்கல் விக்கி அடங்கிவிடும். வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு வந்தால், மகான் மறுபடி ஒருமுறை தடவுவார். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். "உயிர்ப்பிச்சை போட்டிருக்கேன். ரொம்ப நாள் தாங்காது" என்பார். அங்கே நின்று எந்த வாய் எதிர்த்துப் பேசும்?

ரொட்டிக்காரரின் வாய் பேசவில்லை. பேக்கரியிலிருந்து விடியற்காலை ரொட்டி எடுத்து, பின்சீட்டில் கட்டிய பெட்டியில் அடுக்கி, கடை கடையாகப் போடுபவர் அவர். அந்த வண்டிதான் அவருக்குச் சோறு. அவருடைய ஒரே மகள் படித்த படிப்பும் அந்தச் சக்கரத்தில் சுற்றி வந்ததுதான். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் தெருவே அவளை 'டிகிரி' என்று கூப்பிட்டது. பாதி பெருமை, பாதி நக்கல்.

வண்டியை அவர் பார்த்துக்கொண்டதுபோலத் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் சர்க்கரை வந்திருக்காது என்று டிகிரியின் அம்மா சொல்வதுண்டு. ஆயில் கறுக்கும் முன்பே மாற்றிவிடுவார். ஞாயிறு என்றால் செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் விடுவார். ஏர் ஃபில்டரைத் தட்டாமல் தூங்கமாட்டார். எஞ்சினை ஒருமுறை பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன் மாற்றியாயிற்று. கிளட்ச் பிளேட்டும் பிரேக் கட்டையும் எத்தனை மாற்றினாரோ, அவருக்கே நினைவில்லை. அதனால்தான் அது இத்தனை தூரம் ஓடியது. இப்போது மீட்டரில் ஒன்பதுகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார, தன் கைவேலையை மறந்துவிட்டு, மனுஷன் எண்களுக்குப் பயப்பட ஆரம்பித்தார்.

மகானிடம் போய்வந்த அன்று மாலை அவர் வண்டியைத் தள்ளாத குறையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாளைக் காலை யார்டில் விடப்போவதாகச் சொன்னார். வண்டி இல்லையென்றால் பேக்கரிக்காரர் ரொட்டி போடும் லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாரே என்று அம்மா அழுதாள். உயிர் இருந்தால் மூட்டை தூக்கிப் பிழைக்கலாம் என்றார் இவர். ஐம்பத்தைந்து வயதில், சர்க்கரை உடம்போடு, மூட்டை.

டிகிரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும்.

"நின்னுச்சே, பெட்ரோல் டேப்பைப் பார்த்தீங்களாப்பா?"

"காலையில நான்தானேம்மா திறந்தேன். திறந்துதானே அங்க வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன்."

"நின்னப்புறம் பார்த்தீங்களா?"

"எதையும் தொடக் கூடாதுன்னுட்டாரே."

அந்த வார்த்தையில்தான் அவள் மனம் போய் மாட்டிக்கொண்டது. பேக்கரி லீவு நாட்களில் கல்லூரிக்கு இதே வண்டியை எடுத்துப்போகும்போது, டாங்குக்கு அடியில் அப்பா ராத்திரி மூடிவைத்த டேப்பைத் திறக்க மறந்து கிளம்பிவிடுவாள். வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஒழுங்காக ஓடும். பிறகு நடுரோட்டில் நிறுத்தி மானத்தை வாங்கும். பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் இது நடக்காமல் இருந்ததில்லை. அந்த வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் நடந்திருக்கும்.

மறுநாள், யார்டுக்கு முன்னால் கொட்டகைக்கு ஒருமுறை போகலாம் என்று சொல்லி, ரொட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு அப்பா வண்டியின் பின்சீட்டில் அவளும் ஏறிக்கொண்டாள். கொட்டகையில் ஒரு கூரியர்காரர் முறை நடந்துகொண்டிருந்தது. புது மாடல் வண்டி. கார்புரேட்டர் கிடையாது, டேப்பும் கிடையாது. ஆனால் நம் ரொட்டி வண்டியைவிட அதிகம் ஓடியிருந்தது. மகான் டாங்கின் அடியில் இடது கையால் தடவினார். இன்னும் தடவினார். பிறகு முகத்தைச் சுளித்து, இந்த மாதிரி வண்டிகளுக்கு இன்னும் ஆத்மா இறங்கவில்லை, எடுத்துப் போ என்று அனுப்பிவிட்டார். டிகிரிக்குச் சிரிப்பு வந்தது. ஆத்மா எந்த இடத்தில் திருகினால் இறங்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

மூலையில் தெருவின் மெக்கானிக் நின்று கொண்டிருந்தார். தொழிலே இதுவாக இருப்பவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று அவரிடம் மெதுவாகக் கேட்டாள். மெக்கானிக் வானத்தைப் பார்த்தார்.

"யாரும் என்னைக் கேக்கலையேம்மா. யார்டுல பெயிண்ட் அடிக்கிற வேலை வேற நமக்குத்தான் வருது."

யோக்கியர். கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

மகான் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது டிகிரி குறுக்கே போய் நின்றாள். கைகூப்பினாள். ஊருக்கெல்லாம் ஆயுள் சொல்கிறவர் ஏறும் வண்டியை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். படித்த பெண் பக்தியில் விழுவது வியாபாரத்துக்கு நல்லது. மகான் தாராளமாகத் தலையசைத்தார்.

அவருடையதும் பழைய வண்டிதான், பளபளவென்று துடைத்தது. அவள் கண்ணை மூடினாள். வலது கையை மீட்டர் மேல் வைத்தாள். இடது கையை டாங்கின் அடியில் கொண்டுபோய்ச் சற்று நேரம் வைத்திருந்தாள். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது.

"மகானே, உங்க வண்டிக்கும் மூச்சுத் திணறுது. லாண்டரிக்கடை தாண்டாது."

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். ரொட்டிக்காரர் பதறிப்போய் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். மகான் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியில் பொடிப்பொடியாக வியர்த்தது. சாவியைப் போட்டார். ஏறி உட்கார்ந்தார். கால் கிக்கரைத் தேடியது. கை வேறொன்றைத் தேடியது. பேன்ட் மடிப்பைச் சரிசெய்வதுபோல இடது கை மெல்லக் கீழே இறங்கி, டாங்கின் அடியில் நுழைந்து, அங்கே தடவி நின்றது.

"அப்படியே இருங்க" என்றாள் டிகிரி. "கையை எடுக்காதீங்க. எல்லாரும் நல்லா பாருங்க, மகான் கை எங்க இருக்குன்னு."

எல்லாரும் குனிந்தார்கள். பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"பெட்ரோல் டேப்புல இருக்கு" என்றார் வரிசையில் நின்ற முடிதிருத்துபவர்.

"நான் டேப்பைத் திருகவே இல்லை. அது திறந்துதான் இருக்கு, பார்த்துக்கங்க. வண்டி நிக்கும்னுதான் சொன்னேன். ஏன் நிக்கும்னு சொல்லலை. வண்டியில எத்தனை பாகம் இருக்கு? ப்ளக் இருக்கு, ஒயர் இருக்கு, செயின் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு மகான் கை ஏன் நேரா அங்க போச்சு?"

மகான் கையை எடுத்துக்கொண்டார். பூரானைத் தொட்டதுபோல எடுத்துக்கொண்டார். இந்தப் பெண் தீட்டுப்பட்ட கையால் தொட்டுவிட்டாள், சக்தி போய்விட்டது என்று ஏதோ ஆரம்பித்தார். டிகிரி அவரைப் பார்க்கக்கூட இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் அவரவர் வண்டி டேப்பை அவரவர் கையாலேயே மூடிவிட்டு, ஒரு பிரசங்க நேரம் எஞ்சினை ஓடவிட்டு, தெருக்கோடி வரைக்கும் போய் வரட்டும் என்றாள்.

முதலில் முடிதிருத்துபவர் போனார். பிறகு கணக்கு வாத்தியார். பிறகு யாரும் யாருக்கும் காத்திருக்கவில்லை. ஒரே புகை, ஒரே சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. லாண்டரிக்கடைக்கு முன்னும் பின்னுமாகத் தெரு முழுக்க வண்டிகள் செத்து நின்றன. ஒவ்வொருவரும் குனிந்து டேப்பைத் திறந்து, காத்திருந்து, உதைத்தார்கள். எல்லாம் உயிர்பெற்றன. தெருவே மகான்களால் நிரம்பி வழிந்தது.

அசல் மகானைக் காணவில்லை. அவருடைய வண்டி எந்த விக்கலும் இல்லாமல் லாண்டரியைத் தாண்டிப் போய்விட்டதாக மெக்கானிக் சொன்னார். அதற்குள், முன்பே வண்டியை விட்டவர்கள் யார்டுக்கு ஓடி, பூட்டிய கதவுக்குப் பின்னால் தங்கள் வண்டிகள் புதுப் பெயிண்டில் பல்லிளிப்பதைப் பார்த்துவிட்டு, பூட்டை உடைப்பதா, போலீசுக்குப் போவதா என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

ரொட்டிக்காரர் தன் வண்டி பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "தினமும் ராத்திரி நானே மூடறேன். காலையில நானே திறக்கறேன்" என்றார் யாரிடமும் இல்லாமல்.  டிகிரி அவரைப் பின்னால் உட்காரவைத்து, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்த வாரமே ரொட்டிப் பெட்டியோடு ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் மீட்டர் புரண்டு பூஜ்யமாயிற்று. ஒரு பிறவியும் முடியவில்லை. ரொட்டி மட்டும் சூடாகப் போய்ச் சேர்ந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அடுத்த ஞாயிறு டிகிரி வீட்டு வாசலில் கணக்கு வாத்தியார் வண்டியோடு வந்து நின்றார். பின்னால் இன்னும் நாலு வண்டி.

"ஏம்மா, என் வண்டியில ஏதோ சத்தம் வருது. நீ ஒருதடவ கை வச்சுச் சொல்லிட்டேன்னா மனசுக்கு நிம்மதியா இருக்கும்."

டிகிரி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், என் கையில ஒண்ணும் இல்ல. செயின் தொங்குது, முடுக்குங்க. ஆயில் கறுத்திருக்கு, மாத்துங்க. நான் சொன்னேன்னு மாத்தாதீங்க, நீங்களே குனிஞ்சு பார்த்துட்டு மாத்துங்க."

வாத்தியார் ஏமாற்றத்தோடு வண்டியைத் திருப்பினார். பின்னால் நின்ற நாலு பேர் மட்டும் அசையவில்லை. கை வைக்காமல் பார்த்தமாத்திரத்திலேயே சொல்லிவிட்டாளே, இவள் முன்னவரைவிடப் பெரிய ஆள் என்று கிசுகிசுத்தார்கள். அவள் கதவைச் சாத்தினாள்.

மகான்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை, ஐயா. மண்டையைக் கழற்றி அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வாசலில் வரிசையாக நிற்கிறீர்களே, அந்த வரிசைதான் அவர்களைப் பெற்றுப்போடுகிறது.