ஒரு கல்லை எடுக்க வந்த யானைகள்

ஒரு காட்டில், யாரும் அடுத்தவர் வளைக்குள் நுழையக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. நல்ல சட்டம்தான். புலி வந்து எலிவளைக்குள் கையை விட்டால் எலி என்ன ஆவது? ஆனால் வளைக்குள்ளேயே இருப்பவன் கழுத்தைக் கடித்தால் என்ன செய்வது? அதைச் சட்டம் எழுதின மகராசன் யோசிக்கவே இல்லை.

மாராயி என்ற எலிக்கு மலையடிவாரத்தில் வளை. அந்த வளைக்குத் தலைவன் தளவாய் என்கிற பெருச்சாளி. தலைவன் என்றால் யாரும் கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. பல்லு நீளம், உடம்பு பெரிசு, அவ்வளவுதான் தகுதி. அந்தக் கடன்காரன் முப்பது எலிக்குஞ்சுகளை உள்ளறையில் தள்ளி, வாசலை ஒரு பெரிய கல்லால் அடைத்துவிட்டான். சுற்றிலும் இறுகின பாறை. எந்த எலிப் பல்லும் அதில் இறங்காது. தினமும் காலையில் தன் ஆட்களோடு கல்லை நகர்த்தி, இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொண்டு, மறுபடி அடைத்துவிட்டுப் பொய்கைக்குப் போவான். அங்கே முதலைக்குப் பலகாரம். பதிலுக்கு முதலையின் சிநேகம். குறைந்தால் புதுசு பிடித்துப் போட்டு முப்பதை முப்பதாகவே வைத்திருந்தான்.

மாராயியின் மூன்று பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். அவர்கள் முறை வெள்ளிக்கிழமை ஆரம்பம். அன்றைக்குப் புதன்.

மாராயி பொய்கைக்கரை அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே ஆமைதான் குமாஸ்தா.

"அய்யா, என் பிள்ளைங்களைக் கொல்லப் போறான்!"

"கொல்லப் போறானா, கொன்னுட்டானா? ரெண்டுக்கும் வேற வேற படிவம்மா."

"இதுவரைக்கும் அறுபத்திரண்டு போயிடுச்சுய்யா."

ஆமை கழுத்தை நீட்டிப் படிவத்தைப் பார்த்தது. "நூறு ஆனாத்தான் இது பொதுப் பிரச்சினை. அதுவரைக்கும் குடும்பப் பிரச்சினை. இன்னும் இருபது நாள் பொறுத்து வாயேன்."

மாராயி நகரவில்லை. தரையில் விழுந்து புரண்டு கத்தினாள். சத்தம் தாங்காமல் ஆமை மனுவைச் சபைக்கு அனுப்பிவிட்டது.

சபை என்பது யானை, புலி, கரடி, காட்டெருமை, முதலை ஆகிய ஐந்து பேர். அவர்களுக்கு ஒரு வழக்கம். ஐவரும் ஒரே நேரத்தில் குனிந்து பொய்கைத் தண்ணீரைக் குடித்தால் தீர்மானம் நிறைவேறும். ஒருத்தர் தலையைத் தூக்கினாலும் தீர்மானம் செத்தது. வியாழக்கிழமை மனு வந்தது. நாலு பேர் குனிந்தார்கள். முதலை கழுத்தளவு தண்ணீரில் கிடந்தபடியே, "எனக்குத் தாகமில்லை" என்றது.

முடிந்தது சபை. கண்ணீர் விட்டு வருத்தம் தெரிவிக்கும் வேலையையும் முதலையிடமே ஒப்படைத்தார்கள்.

மாராயி அதோடு விடவில்லை. நேரே சபையிலிருந்த யானை பெரியண்ணனின் காலில் போய் விழுந்தாள். பெரியண்ணனுக்கு இளகின மனசு. யாராவது அழுதால் போதும், உடனே எதையாவது தூக்கவோ போடவோ வேண்டும் அவருக்கு.

"சாமி, நாளைக்கு விடிஞ்சதும் வளைக்கு மூணு அடி தள்ளி மறைஞ்சு நில்லுங்க. அவன் வாசலைத் திறக்க வர்றதுக்கு முன்னாலயே அந்த ஒரு கல்லை மட்டும் துதிக்கையால எடுத்துடுங்க. பிள்ளைங்க தானா ஓடி வந்துடுவாங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"இவ்வளவுதானே தாயி!" என்று பெரியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்த ஓணான் வக்கீலைப் பார்த்தார்.

ஓணான் வழக்கம்போல மண்டையை ஆட்டிவிட்டு, "சிக்கல் இருக்குங்க" என்றது. "கல்லு வாசல்ல இருக்கு. வாசலும் வளையில சேர்த்தி. துதிக்கை பட்டா அத்துமீறல். நாளைக்கு உங்க பேருதான் கெடும்."

"அப்போ பிள்ளைங்க?" என்றார் பெரியண்ணன்.

"வெளியே மலை உச்சியில நின்னு பாறையை உருட்டலாம். அதைக் கூடாதுன்னு சட்டத்துல எங்கேயும் எழுதலை."

"அய்யய்யோ, உள்ளே பிள்ளைங்க இருக்குங்களே!" என்று மாராயி அலறினாள்.

"கவலைப்படாதே, குறி பார்த்துத்தான் உருட்டுவோம்" என்றார் பெரியண்ணன். மலை உச்சியிலிருந்து பார்த்தால் எலிவளை எள்ளளவுகூடத் தெரியாது என்பதை அவரிடம் யார் சொல்வது?

வெள்ளி விடிந்தது. அன்றைக்கு முதலைக்குச் சீக்கிரமே பசி எடுத்ததாம். தளவாய் இருட்டோடேயே, முறைகூடப் பார்க்காமல், கைக்குக் கிடைத்த வேறு வீட்டுக் குஞ்சுகள் இரண்டோடு கிளம்பிவிட்டான். பாறைகள் இறங்கும்போது அடிவாரத்தில் குற்றவாளி ஒருவன்கூட இல்லை. பெரியண்ணனும் அவர் கூட்டத்து யானைகளும் உருட்டியது முப்பத்தொரு பாறை. மாராயி புதரில் நின்று ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

தூசி அடங்கியதும் ஓடினாள். வளை இருந்த இடத்தில் மேடு இருந்தது. ஒரு பக்கம் பாறை பிளந்து ஒரு விரல் அகலத்துக்குச் சந்து விழுந்திருந்தது. உள்ளே நுழைந்து, நகம் பிய்ய மண்ணைத் தள்ளி, தன் பிள்ளைகள் மூன்றையும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் வாயால் கவ்வி ஒவ்வொன்றாய் வெளியே கொண்டுவந்து போட்டாள். ஐந்தும் மூச்சு விட்டன. மறுபடி உள்ளே போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை. வெளியே வந்து வாய்விட்டு அழுதாள்.

பெரியண்ணன் இறங்கி வந்து இடிந்த மேட்டின் நடுவில் காலைத் தூக்கி வைத்தார்.

"கால் வைக்கலாமா?" என்று கேட்டார் வக்கீலிடம்.

"தாராளமா. இப்பத்தான் வளையே இல்லையே."

"எத்தனை பேர் பிழைச்சாங்க?"

"அஞ்சு."

"பார்த்தியா மாராயி, அஞ்சு உயிர்!" பெரியண்ணனின் குரல் தழுதழுத்தது.

"இருபத்தெட்டு இருக்க வேண்டியது சாமி. நான் எடுக்கச் சொன்னது ஒரு கல்லு."

"நன்றியெல்லாம் எதுக்கு, விடு" என்றார் அவர்.

அப்போது தளவாய் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தான். ஓணான் அவனை மேலும் கீழும் பார்த்தது. "வீடு இழந்தவர். சட்டப்படி அகதி. முதல்ல இவருக்கு ஒரு இடம் பார்க்கணும்." பெரியண்ணனுக்கு மறுபடி கண் கலங்கியது. தன் நிழலிலேயே தளவாயை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

மாராயி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். பின்னாலிருந்து பெரியண்ணனின் குரல் வந்தது. "தாயி, பக்கத்துத் தோப்புல அணில்களுக்கும் ஏதோ கொடுமை நடக்குதாமே. நாங்க கிளம்பிட்டோம்."

மாராயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தையும் இழுத்துக்கொண்டு தோப்பைப் பார்த்து ஓடினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏ அணிலுங்களா! ஓடுங்க, ஓடுங்க! காப்பாத்த வர்றாங்க!"

நீதி: அனுமதியில்லாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவது குற்றம். ஆகவே நல்லவர்கள் முதலில் வீட்டை இடித்துவிடுவார்கள்.