தலைவரைத் தேடும் கொசுக்கள்

பண்டமாரான் வட்டார ஜவுளி வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்கு எல்லோரும்தான் வந்திருந்தார்கள். கொசு கடித்ததோ, நடு நாற்காலியில் இருந்த தலைவர் கிஃபாயத்துல்லா ஹாஜியாரை மட்டும்.

தலைவர் முழங்காலில் அடித்தார், கழுத்தில் அடித்தார். சுகாதாரம் பற்றிப் பேசிக்கொண்டே சொந்தக் கன்னத்திலும் ஒன்று போட்டுக்கொண்டார். பின்னால் டெங்கி ஒழிப்பு பேனரில் அவர் படம் சிரித்தது. கீழே அவரே எழுதிய வாசகம்: 'அழுக்கைத் தேடியே கொசு வரும்.'

வீட்டில் மனைவி சௌதா கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "மூச்சு, வேர்வை, கால் வாடை... எல்லாத்தையும் மோப்பம் பிடிச்சுத்தான் கொசு ஆளைத் தேர்ந்தெடுக்குதாம்."

"என் ரத்தம் இனிப்புன்னுல நெனச்சேன்?"

"ரத்தம் உள்ளதானே இருக்கு? வாடை வாசல்லயே நிக்குதே."

ஹாஜியார் குனிந்து தம் காலைப் பார்த்தார். அடுத்த வாரம் தலைவர் தேர்தல். இத்தனை வருஷமாகப் போட்டியே கிடையாது. அந்த பேனரையும் இந்தக் காலையும் எவனாவது சேர்த்துப் பார்த்துவிட்டால்?

மறுநாள் ரோஜா சோப்பு போட்டுக் குளித்தார். சாயங்காலம் கடைக்குப் புடவை பார்க்க வந்த பெண், "அங்கிள், உங்க தலைக்கு மேல கொசு மேகமா நிக்குது லா," என்று இரண்டடி பின்வாங்கினாள். அதை விரட்ட மல்லிகை அத்தர் பூசினார். மேகம் கறுத்தது.

"சில பூ வாசத்துக்கும் வருமாம்," என்றாள் சௌதா.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"இப்பத்தான் அந்த இடத்துக்குப் படிச்சு வந்தேன்."

காலுறை மாட்டி, நாள் முழுக்க அதோடு திரிந்தார். கழற்றியதும் கொசுக்கள் வந்தன, சௌதா போனாள். பக்கத்து அறையிலிருந்து தேங்காய் வாசனை சோப்பு ஒன்று பறந்து வந்தது.

தேர்தலன்று அதைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனார். அதிசயம், ஒரு கொசு அண்டவில்லை. ஹாஜியார் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களோ பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் அத்னான் அறிக்கை வாசித்ததைவிடச் சொறிந்ததே அதிகம்.

"சுத்தமா இருந்தா கொசு கிட்ட வராது," என்றார் ஹாஜியார். "என்னைப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். பிறகு மெல்லத் திரும்பி, லோரியிலிருந்து சரக்கு இறக்கிவிட்டு அப்போதுதான் வேர்க்க வேர்க்க வந்து உட்கார்ந்த ஷபீரைப் பார்த்தார்கள். அவர் கழுத்தில் மட்டும் ஒரு கொசு மாநாடு நடந்துகொண்டிருந்தது.

"தலைவருக்கு ஷபீர்," என்றார் அத்னான். அத்தனை கைகளும் உயர்ந்தன.

ஹாஜியார் நடு நாற்காலியிலிருந்து எழுந்தார். பேனரில் சிரித்த தம் முகத்தைப் பார்க்கத் துணியாமல் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். கூட்டங்களில் வாயே திறக்காத அப்துல் காதர் பின்னாலேயே வந்தார்.

"காதர் அண்ணே," ஹாஜியார் தலை நிமிரவில்லை. "என் வாடை எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சுதானே ஹாஜியாரே, வருஷா வருஷம் உங்களைத் தலைவராக்கி நடுவுல உக்கார வச்சோம்," என்றார் அப்துல் காதர், முழங்கையைச் சொறிந்துகொண்டே. "இன்னிக்குன்னு பார்த்து ஏன் குளிச்சிட்டு வந்தீங்க?"