ஆறு மணி மிஸ்டு கால்

“ஒம்பது மணிக்கு எழும்புற ஆளு சாயாக்கடை வெச்சா, கடலுக்குப் போற ஆளுவ மத்தியானம்தான் சாயா குடிக்கணும்,” என்றாள் மனைவி ஜின்சி, துபாயிலிருந்து போனில்.

டைட்டஸுக்கு ரோஷம் வந்தது. தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் கடைக்கு இடம்கூடப் பார்த்தாயிற்று. கட்டிலை விட்டு இறங்குவதுதான் பாக்கி.

“செரி, நான் என்னட்டி செய்யணும்?”

“பெருசா ஒண்ணும் வேண்டாம். தெனமும் காலம்பற ஆறு மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால். ஒரு மாசம் தவறாம வந்தா கடை வையுங்க. இல்லேன்னா அந்தப் பேச்சை விட்டிருங்க.”

இங்கே ஆறு என்றால் அங்கே நாலரை. தன்னைத் திருத்துவதற்காக, நர்ஸ் வேலை பார்த்துக் களைத்தவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று டைட்டஸ் உருகிப்போனான்.

முதல் வாரம் ஒழுங்காகப் போனது. எழுந்தான், அழைத்தான், அவள் கட் செய்ததும் மறுபடி படுத்தான். எப்படியும் படுக்கத்தான் போகிறோம், பிறகு எழுவானேன் என்று தோன்றியது. விடியுமுன் மீன் எடுக்கப் போகும் பக்கத்து வீட்டுச் செசிலி அக்காவிடம் ராத்திரியே போனைக் கொடுத்துவைத்தான்.

“ஆறு மணிக்கு இதை அமுக்குங்க அக்கா. ரெண்டு ரிங் போனதும் கட் பண்ணிரணும்.”

“உனக்குப் பதிலு நான் எழும்பணுமாலே? நல்ல கூத்து மக்கா!” என்றாலும் வாங்கிக்கொண்டாள். வாழைப்பழச் சோம்பேறிக்கு உரித்துக் கொடுக்கவும் ஆள் கிடைத்துவிட்டது.

மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் அக்கா மறுநாள் நாலு மணிக்கே அமுக்கிவிட்டாள்.

சாயங்காலம் பேசும்போது ஜின்சி கொட்டாவி விட்டாள். “இன்னைக்கு என்ன அவ்வளவு வெள்ளென?”

“ஒரு உற்சாகம்தான்.”

“உற்சாகமெல்லாம் வேண்டாம். ஆறுன்னா ஆறு.”

டைட்டஸ் அக்காவிடம் கறாராகச் சொன்னான். அடுத்த நாள் சரியாக ஆறு மணிக்கு நெய்மீன் ஏலத்துக்கு வந்தது. ஏலம் முடிந்து அக்காவுக்குப் போன் ஞாபகம் வந்தபோது மணி ஏழரை.

அன்று ஜின்சி போனையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கடை போயிற்றே என்று முதலில் பதறினான். போகப் போக, நம்பினவளை ஏமாற்றிவிட்டோமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் யாரும் எழுப்பாமலே எழுந்தான். முகம் கழுவி, முற்றத்தில் நின்று, ஆறு மணிக்கு அழைத்தான். வழக்கம்போல் கட் ஆனது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கொஞ்சம் பொறுத்து மறுபடி அழைத்தான். ஜின்சியோடு தங்கியிருக்கும் ரெஜிஷா எடுத்தாள்.

“ஜின்சி குளிக்கப் போயாச்சு அண்ணே.”

“கோவமா இருக்காளா? நேத்து நான் எழும்பல. அதான் உண்மை.”

“அவளுந்தான் எழும்பல. டூட்டி பஸ் போயிட்டு, சூப்பர்வைசர்கிட்ட செமத்தியா ஏச்சு,” என்று ரெஜிஷா சிரித்தாள். “எத்தன அலாரம் வெச்சாலும் அமத்திப்போட்டு உறங்குவா, உங்க மிஸ்டு காலுக்கு மட்டுந்தான் எழும்புவா. ஒரு மாசத்தோட நிறுத்திராதீங்க அண்ணே, அவளுக்கு வேலை போயிரும்!”