210 முதல் 240 வரை

சீடர் ஃபோர்க்,
அக்டோபர் 9, 2015

பெருமதிப்பிற்குரிய வெர்னா அக்காவுக்கு, சித்தி மகன் டெல்மர் பணிவுடன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி ஆர்லினும் முழங்கால்கள் நீங்கலாக நலம். உங்கள் நலம் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை.

கிறுக்கல் முகவரிகளை நாற்பது வருஷம் படித்த தபால்காரன் என்ற திமிரில்தான் அந்தப் பழைய புகைப்படங்களிலுள்ள குறிப்புகளைப் படித்துச் சொல்ல வனத்துறையிடம் ஒப்புக்கொண்டேன், எல்லாம் காட்டுத்தீக் காவல் கோபுரங்களின் உச்சியிலிருந்து 1934இல் நாலாபக்கமும் எடுத்தவை, அதில் உங்கள் அப்பா, என் ஆன்செல் பெரியப்பா, காவலிருந்த கோபுரத்தின் படமும் வந்தது, ஓரத்தில் பென்சிலால் ‘210–240 பார்வை இல்லை’ என்றிருந்தது. முப்பத்தாறில் மரம் அறுக்கும் மில்லும் பதினொரு வீடும் எரிந்தபோது பெரியப்பா தூங்கிவிட்டார் என்று ஊரே பேசியதே, அவரும் சாகும்வரை மறுக்கவில்லையே, அதனால் விசாரணைக்காரர்கள் பிறகு எழுதிய குறிப்பு இது, இரண்டு பத்திலிருந்து இரண்டு நாற்பதுவரை தூக்கம் என்று நானே முடிவுகட்டி, வரலாற்றுச் சங்க விருந்தில் எழுந்து நின்று சொல்லியும் தொலைத்தேன். நீங்கள் முள்கரண்டியை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனீர்கள். நான் இரண்டாம் தட்டு வாங்கித் தின்றேன் அக்கா, அதான் இப்ப நெஞ்சுல நிக்குது.

திங்களன்று வனத்துறைப் பெண் கிர்ஸ்டன் படத்தைப் பார்த்தாள். “இது மணி இல்ல டெல்மர், டிகிரி. வடக்குலேர்ந்து சுத்தி எண்ணணும். அந்தப் பக்கம் ஒரு முகடு மறைக்குது. பின்னால எது எரிஞ்சாலும் கோபுரத்துல இருக்கறவருக்குத் தெரியாது” என்றாள்.

மில் அந்த முகட்டுக்கு நேர் பின்னால்தான் இருந்தது. பெரியப்பா கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தாலும் பார்த்திருக்க முடியாது. நிரபராதியை எழுபத்தொன்பது வருஷம் கழித்து இரண்டாம் முறை தண்டித்துவிட்டேன். பத்திரிகையில் திருத்தம் கொடுத்தேன், டயர் விளம்பரத்துக்குக் கீழே இரண்டு வரி போட்டிருக்கிறார்கள்.

உங்கள் மூட்டுவலி குறையவும், தோட்டத்து மான்கள் வேறிடம் போகவும் வேண்டிக்கொள்ளும்,
தம்பி டெல்மர்

பி.கு.: உறை ஒட்டுமுன் உங்கள் போன் வந்துவிட்டது. “அப்பா தூங்கலடா. அன்னிக்கு அவர் மலையிலயே இல்ல. உங்கம்மாவுக்குக் கல்யாணம். அப்பன் இல்லாத பொண்ண சர்ச்சுல கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்னு எறங்கி வந்தார். தூங்கினான்னு ஊர் சொன்னா உங்கம்மா பேர் வெளிய வராதுன்னு விட்டுட்டார்” என்றீர்கள். பெற்றவர்களின் கல்யாணத் தேதிகூட எனக்கு உறைக்கவில்லை. ஆக, மேலே எழுதிய ‘நிரபராதி’ செல்லாது. கடிதத்தைப் படித்துக்காட்டி, கிழித்துவிடவா என்றேன். முகடு மறைக்கும் இடத்தை மறுபடி படிக்கச் சொன்னீர்கள். பிறகு, “அவர் மேல இருந்திருந்தாலும் தீ கண்ணுல பட்டிருக்காதுன்னா சொல்ற? அது தெரியாமலே போயிட்டாரேடா. கிழிக்காத, அனுப்பு. கல்லறைல படிச்சுக் காட்டணும்” என்றீர்கள். அனுப்பியிருக்கிறேன்.