காளியின் புளியும் சந்தை சாரும்

ஏலம் விட முடியாத பொருள் இந்த உலகத்திலேயே கிடையாது என்று மனதார நம்பியவர் எங்கள் சந்தை சார். விடிகாலைச் சூரியனுக்கே டிக்கெட் போட்டால்தான் ஜனங்கள் நேரத்தோடு எழுந்திருப்பார்கள் என்பார்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம், ஆசிரியர்கள் சிலர் ஒரே விடுதியில் இருந்தோம். இவர் பொருளாதார ஆசிரியர். அந்தக் காலத்துப் பொருளாதார மேதைகளெல்லாம் அவருக்குப் பங்காளிகள். "எங்க ஸ்காட்லாந்துக்காரர் இன்னா சொன்னார் தெரியுமா?" என்று ஆரம்பித்தால், தட்டில் சாம்பார் ஆறிப்போகும்.

மார்கழிக் குளிரில் வெந்நீருக்குத் தினமும் தகராறு. "வரிசை எதுக்குய்யா? ஏலம் வுடுங்க. அவசரக்காரன் அதிகமா குடுப்பான்!" என்றார். விட்டோம். கணக்கு வாத்தியார் முருகேசன் தினமும் ஜெயித்தார். ஏலத்தைக் கொண்டுவந்தவரோ பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பல் தந்தியடிக்க, "பாத்தீங்களா, எப்டி வேலை செய்யுது!" என்று குதித்தார்.

டிவியில் பயிர்களுக்கு ஆதார விலை பற்றி விவாதம் வந்தால் நாற்காலி மேலேயே ஏறிவிடுவார். "கவர்மெண்ட்டு வெலையத் தாங்கிப் புடிச்சா சந்தை சோம்பேறியாப் பூடும்யா!" நெறியாளர் காதில் அது விழாது என்பது அவருக்கு உறைத்ததே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் காளியின் புளி வந்தது. காளி எங்கள் சமையல்காரர், மலைக்காரர். மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். வீட்டுக் கூரையோ சல்லடை. மழைக்கு முன்னால் தன் மரங்களின் புளியை விற்றுத் தகரம் போட வேண்டும்.

அங்கே புளி வாங்க வரும் வியாபாரிகள் வாய் திறந்து விலை சொல்லமாட்டார்கள். கை மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விற்பவர் விரலைப் பிடித்துத்தான் பேரம். இதைக் கேட்டதும் சந்தை சார் கொதித்துப்போனார்.

"வெலைன்றது சேதி. எங்க ஆஸ்திரியாக்காரர் சொன்னது. சேதிய துண்டு போட்டு மூடலாமா? காளி, நாளைக்கே திறந்த ஏலம்!"

விடுதி வாசலில் ஏலம். ஆலங்காயத்திலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். முதல் ஆள் அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார். மற்றவர்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள். டீக்கடையிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்!

சந்தை சாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "வியாபாரிங்க ஒண்ணு கூடினா ஜனங்களுக்கு ஆப்புன்னு எங்க ஸ்காட்லாந்துக்காரர் அப்பவே சொன்னாரேய்யா!"

முதல் வியாபாரி சிரித்தார். "துண்டுக்குள்ள கேட்டா, பக்கத்து ஆளு இன்னா சொன்னானோன்னு பயந்து ஏத்திக் கேப்போம் சார். இப்பதான் எல்லாம் பளிச்சுனு தெரியுதே. பேசி வெச்ச வெலைய மீறி எவனும் எங்கள ஏமாத்த முடியாது."

காளி சந்தை சார் பக்கம் திரும்பினார். "உங்க ஆளு சொன்னது பலிச்சிடுச்சு சார். எம் பொண்ணு ஒழுகுற வூட்டுலதான் புள்ள பெத்துக்கணும் போல."

சந்தை சார் காளியைப் பார்த்தார், புளி மூட்டைகளைப் பார்த்தார். ஒரு நிமிஷம்தான். "போட்டி இல்லன்னா போட்டிய உண்டாக்கணும்!" என்று கத்திக்கொண்டு கையைத் தூக்கினார். விலையை ஏற்றினார். வியாபாரி கொஞ்சம் ஏற்றினார். இவர் இன்னும் ஏற்றினார். முகம் சிவந்து, வேட்டி நழுவி, தன் விலை மேலேயே தானே ஒருமுறை ஏற்றிக் கேட்டார். வியாபாரிகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார்கள். மொத்தப் புளியும் பொருளாதார ஆசிரியர் தலையில்.

முருகேசன் விடவில்லை. "இன்னா சார், ஆதார விலையே கூடாதுன்னீங்க. கடைசில நீங்களே ஆதார விலையா நின்னுட்டீங்களே?"

"யோவ், இது போட்டிய்யா! லாபத்துக்கு வாங்கியிருக்கேன்!"

அந்த லாபம் அவர் கட்டிலில் மூட்டை மூட்டையாகப் படுத்துக்கொண்டது. அவர் தரையில் படுத்தார். பிறகு கலசப்பாக்கம் வரை அலைந்து நஷ்டத்துக்குத்தான் விற்றார்.

பேரன் பிறந்ததும் காளி எங்களைக் கூப்பிட்டார். போயிருந்தபோது மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. சந்தை சார் அண்ணாந்து புதுத் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சொட்டு வுழல பாத்தீங்களா!" என்று எங்கள் எல்லோரையும் உலுக்கினார்.

"எல்லாம் உங்க புண்ணியம் சார்," என்றார் காளி.

"புண்ணியமாவது ஒண்ணாவது! முழுக்க முழுக்க என் சுயநலம்யா," என்று சொல்லிவிட்டு, அழுத குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார்.

அவ்வளவு நல்ல சுயநலக்காரரை அதற்கப்புறம் நான் எங்கேயும் பார்க்கவில்லை.