ஸ்டாண்ட்பை வாங்கிய இரண்டு பிராசஸர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் புத்தியுள்ள மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் நாங்கள் எல்லோரும் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஸ்டாண்ட்பை என்றால் கேட் வாட்ச்மேனிலிருந்து ஜி.எம். வரைக்கும் தெரியும். நான் வேலை பார்த்த இரும்பு வார்ப்பு ஆலையில் அவர் பம்பு மெக்கானிக். உலை சூட்டில் உடைந்துவிடாமல் அதைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பம்புகள் அவர் பொறுப்பு. ஆலையில் எந்தப் பம்பும் தனியாக இருக்காது, ஜோடியாகத்தான் இருக்கும். ஒன்று ஓடும், ஒன்று சும்மா நிற்கும். ஓடுவது படுத்துவிட்டால் நிற்பது எடுத்துக்கொள்ளும். நிற்பதற்குப் பெயர்தான் ஸ்டாண்ட்பை. மற்றவர்கள் இந்த வழக்கத்தை ஷிப்டு முடிந்ததும் கேட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு கையிலும் வாட்ச் கட்டுவார். சைக்கிள் கேரியரில் இன்னொரு ஜோடி செருப்பு இருக்கும். ஒரு டிபன் பாக்ஸ் கொட்டிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்றும் கொண்டுவருவார். ஒரு நாளும் கொட்டியதில்லை. ஆகவே இரண்டாவதை நாங்கள் தின்றோம். கல்யாணத்துக்கு இரண்டு பாஸ்டர்களைச் சொல்லிவைத்தாராம். இருவரும் வந்துவிட்டார்கள். இருவரும் பிரசங்கம் செய்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் பிரியாணியைக் கண்ணால் பார்த்தோம் என்று பழைய ஆட்கள் இன்னமும் திட்டுகிறார்கள். பொன்னேரிக்குப் போக ரயில் டிக்கெட் எடுப்பார். எதற்கும் இருக்கட்டும் என்று பஸ் வருகிறதா என்று பார்க்கப் போவார். அதற்குள் ரயில் போய்விடும்.

நான் டிராயிங் செக்‌ஷன். உருகிய இரும்பை அச்சில் ஊற்றினால் அது எப்படி நிரம்பும், எங்கே ஓட்டை விழும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. ஒரு நாள் காலையில் அந்த செக்‌ஷனையே மூடிவிட்டார்கள். எச்.ஆர். ஆள் கை குலுக்கி ஒரு பேனா கொடுத்தான். அது எழுதவில்லை.

நாலு மாதம் தேடியும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் அம்பத்தூரில் ஒரு ஏஜெண்ட் கிடைத்தார். வெளியூர் ஆலைகளுக்கு இதே கணக்கைப் போட்டுக்கொடுக்கிறவர். "சாம்பிள் வேலை ஒண்ணு தரேன். பத்தாம் நாள் காலைல ஒன்பது மணிக்கு என் கையில இருக்கணும். மெஷின் உன்னோடது. ரெண்டு பிராசஸர் மெஷின் இல்லன்னா இந்தப் பக்கமே வராத" என்றார்.

பிராசஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. ஒரு மூளை இருந்தால் அந்தக் கணக்கு முழுசாக ஒரு வாரம் ஓடும். இரண்டு இருந்தால் பங்கு போட்டுக்கொண்டு மூன்றரை நாளில் முடித்துவிடும். அப்படி ஒரு மெஷினைப் புதிதாக வாங்க எனக்கு வக்கில்லை. கம்பெனிகள் கழித்துப்போடும் பழைய சர்வர்களின் பாகங்களை வாங்கி நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். எனக்குக் கணக்குத் தெரியும், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது. இதையும் விட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு ஆரணிக்குப் போய் மாமனார் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்தச் சோறு எனக்கு இறங்காது.

வேலை போன பிறகு என் வீட்டு வாசலை மிதித்த ஒரே ஆள் ஸ்டாண்ட்பை. விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு பிராசஸரா?" முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான்பா கம்ப்யூட்டர் பண்றவனுக்குப் புத்தி வந்துகீது."

"அண்ணா, ரெண்டும் சேர்ந்து ஓடும். ஒண்ணு ஓடி ஒண்ணு நிக்கறதில்ல."

"சேந்து ஓடுமா? அப்ப ஒண்ணு பட்த்துக்கினா?"

"படுக்காது."

"எங்க ஜி.எம்மும் இத்தான் சொல்வான்" என்றார். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

ஆனாலும் லிஸ்ட் போட உட்கார்ந்தார். பிராசஸர் இரண்டு, போர்டு இரண்டு, ஹார்ட் டிஸ்க் இரண்டு, கீபோர்டு இரண்டு, மவுஸ் இரண்டு. கூடுதலாக இருந்ததை நான் அடித்தேன். அவர் மறுபடி எழுதினார். "மனுசனுக்கு கிட்னி இன்னாத்துக்கு ரெண்டு கீது?" என்று கேட்டார். "இதயம் ஒண்ணுதான இருக்கு" என்றேன். "அதனாலதான் பொட்டுனு போயிட்றான்" என்றார். இரண்டு நாள் இந்தச் சண்டையிலேயே போயிற்று. மவுஸை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். முழ நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். எதற்கென்று கடையில்தான் தெரிந்தது. ஓடுகிற கம்ப்யூட்டர் ஃபேனின் மேல் அதன் நுனியை வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். ஆலையில் பம்பின் பேரிங்கை அப்படித்தான் பார்ப்பார்.

"இது ஆறு மாசம் தாங்காது. அடுத்தத போடு."

கடைக்காரர் பொறுமையான மனிதர். பதினெட்டாவது ஃபேனில் பொறுமை போய்விட்டது. "யோவ், ஃபேன் வாங்க வந்தியா, பிரசவம் பாக்க வந்தியா?"

அதே கடைக்காரர்தான் பிறகு அவரை வென்றார். பழைய சர்வரின் பவர் சப்ளை ஒன்றை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். ஓடும்போதே ஒன்றை உருவிக் கையில் கொடுத்தார். மெஷின் நிற்கவில்லை. மற்றது எடுத்துக்கொண்டது.

ஸ்டாண்ட்பை அதைத் திரும்பச் சொருகினார். உருவினார். சொருகினார். மற்றதை உருவினார். கடையில் இருந்த எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தப் பண்ணவன் எங்க கீறான் பாய்? அவன் கையைப் புட்சிப் பாக்கணும்" என்றார்.

பிராசஸருக்கு வந்தபோது தகராறு. இரண்டும் ஒரே மாடல் நம்பராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டு ஏற்காது என்றார் கடைக்காரர். ஒரே நம்பர் வாங்கவே கூடாது என்றார் இவர். நான் கடைக்காரர் பக்கம் பேசி, ஒரே நம்பரில் இரண்டு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். நான் குடித்ததிலேயே விலை அதிகமான டீ அதுதான்.

எல்லாவற்றையும் சொருகும் அந்தப் போர்டு மிகப் பெரியது, எந்தக் கேபினட் பெட்டியிலும் அடங்கவில்லை. நாலாம் நாள் இவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு வெல்டிங் பட்டறையில் கேபினட் செய்துகொண்டு வந்தார். மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு. தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. வீட்டு ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "வேலை இல்லன்னு வாடகைக்கு டைம் கேட்ட, பீரோ வாங்கியிருக்க" என்றார்.

ஐந்தாம் நாள் எல்லாம் பூட்டி சுவிட்சைப் போட்டோம். ஃபேன்கள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றினோம், பூட்டினோம். சாயங்காலம் வரைக்கும் கறுப்பு. ஏதாவது ஒரு பிராசஸரை மட்டும் வைத்தால் உயிர் வருகிறது. இரண்டையும் வைத்தால் பிணம். இவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு இடித்தது. பேசாமல் இருக்கிற ஆள் அல்ல அவர்.

ஆறாம் நாள் காலையில் நானே இரண்டு பிராசஸரையும் எடுத்து மேலே இருந்த பசையைத் துணியால் துடைத்து நம்பரைப் படித்தேன். வேறு வேறு.

"நீ டீ குடிக்கப் போனப்ப மாத்தினேன்" என்றார்.

நான் பேசியதை இங்கே எழுத முடியாது. வயசுக்கும் மரியாதை கொடுக்கவில்லை. என் பிள்ளை சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்று கத்தினேன். என் மனைவி வந்து கதவைச் சாத்தினாள், தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "நீ வர்றதுக்கு மிந்தி நடந்தது இது. பம்பு ரெண்டுக்கும் புது பேரிங் போட்டோம். ஒரே லாட்டு, ஒண்ணா செஞ்ச சரக்கு. வேணாம், வேற வேற லாட்டு வாங்கிக் குடுங்கன்னு கேட்டேன். மொத்தமா வாங்கினாதான் சல்லிசுன்னாங்க. ஒண்ணு பட்த்துக்கிச்சு. அடுத்தத போட்டேன். அதும் அதே ஷிப்டுல பட்த்துக்கிச்சு. உலை உட்ஞ்சி ஊத்திடுச்சு. அங்க நின்னுக்கினு இருந்தவன் எனக்குத் தோஸ்து. அள்ளி எடுக்க ஒண்ணும் இல்ல நைனா."

விசாரணை நடந்ததாம். தொழிலாளி கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட்டார்களாம். செத்தவனுக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. பேரிங் வாங்கிய அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. அவன்தான் பிறகு ஜி.எம். ஆனான்.

பத்து வருஷத்துக்கு மேல் அந்த மனிதரின் இரண்டு வாட்சைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

இரண்டு பிராசஸரையும் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்குப் போனார். அன்று பஸ் பார்க்கப் போகவில்லை. மதியம் திரும்பி வந்தார். கடைக்காரரிடம் கெஞ்சி, ஒரே நம்பர், ஒரே லாட்டு, ஜோடியாக மாற்றி வாங்கியிருந்தார்.

"ரெட்டப் புள்ளைங்க மாறி கீது" என்று என்னிடம் கொடுத்தார். "எனக்குப் புடிக்கல. ஆனா ஓடட்டும்."

சாயங்காலம் கணக்கு ஓடத் தொடங்கியது. இரண்டு மூளையும் சேர்ந்து ஓடின. ஒன்றும் நிற்கவில்லை. அதை அவரால் தாங்க முடியவில்லை. தன் வீட்டு இன்வெர்ட்டரை பேட்டரியோடு ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கரண்ட் போனால் இருக்கட்டும் என்று மாட்டினார். எங்கள் ஊர்க் காற்றில் பாதி இரும்புத் தூள். துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடும். ஆகவே ஈரத்துணியை ஜன்னலில் கட்டினார். மணிக்கொரு தரம் ஃபேனில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார்.

"வேலைக்குப் போகலியா?" என்றேன்.

"லீவு லெட்டர் குட்த்துட்டேன். ரெண்டு. ஒண்ணு தொலஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னு."

சிரித்தேன். அவர் காண்ட்ராக்ட் ஆள். காண்ட்ராக்ட் ஆளுக்கு லீவு கிடையாது. அதே ஆலையில் வேலை பார்த்தவன் நான், எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் என் கணக்குதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்குக் கணக்கு முடிந்தது. எட்டரைக்கு ஏஜெண்டுக்கு அனுப்பினேன். உயிரைக் கொடுத்து ஒன்பது மணிக்குள் அனுப்பிய அதை அந்த ஆள் மூன்று நாள் கழித்துத்தான் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். வேலை கொடுத்தார். கொஞ்சம்தான். ஆரணிக்குப் போகாமல் இருக்க அது போதும்.

ஸ்டாண்ட்பை அதற்குப் பிறகு வரவில்லை. ஷிப்டு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து ஸ்டேஷன் பக்கத்தில் ஆலையின் பழைய ஃபிட்டர் ஒருவரைப் பார்த்தேன்.

"ஸ்டாண்ட்பையா? அவரத்தான் தூக்கிட்டாங்களே. ஒரு வாரமா வரலன்னு."

"பம்பை யார் பாக்கறாங்க?"

"அவரே ஒரு சார்ட்டு எழுதி ஒட்டி வெச்சிருந்தாரே, ஒவ்வொரு ஆளுக்கும் இன்னொரு ஆளு ரெடியா இருக்கணும்னு. அவர் பேருக்கு எதிர்ல இருந்தவன இட்டாந்து நிக்க வெச்சிட்டாங்க. மறுநாளே."

ஆலைக்காரன் அந்த மனிதர் சொன்ன ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். அதுவும் அவரைத் துரத்துவதற்கு.

நேராக மீஞ்சூரில் அவர் வீட்டுக்குப் போனேன். மறுபடியும் சண்டை போடத்தான் போனேன்.

"ஏண்ணா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? நீயே அப்பத்தான் எழுந்து நின்னுக்கினு இருந்த."

"லீவு லெட்டர்னு பொய் சொன்னீங்க."

"லெட்டர் நெஜமாத்தான் குட்த்தேன். அவன் கிழிச்சுப் போட்டான். அடுத்ததக் குட்த்தேன். அத்தயும் கிழிச்சான்."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். "நல்லா கத்து தம்பி. நான் கத்திக் கத்தித் தொண்ட போச்சு. ரெண்டு வேலைக்குச் சொல்லி வெச்சிக்கிறாராம். ரெண்டும் வரல."

என் பையில் ஏஜெண்ட் அனுப்பிய ஒப்பந்தத் தாள் இருந்தது. அதை எடுத்துத் தரையில் விரித்தேன். "மெஷின் தூசு அடைஞ்சு சூடாவுது. ஒரு ஃபேன் ரெண்டு நாளா கத்துது. எனக்கு ஒண்ணும் புரியல. நாளைலேர்ந்து வாங்க. வர்ற காசுல பாதி."

"உனுக்கே பத்தாதேப்பா."

"வருவீங்களா, மாட்டீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார். "எந்த ஃபேனு கத்துது? பின்னாடி கீதே, அதுவா?" என்று கேட்டார் ஸ்டாண்ட்பை.

தாளில் வேலை செய்கிறவர்களின் பெயர் எழுதும் இடம் இருந்தது. என் பெயரை எழுதிவிட்டு அதன் கீழே பேனாவை வைத்தேன். கை அங்கேயே நின்றுவிட்டது. அத்தனை வருஷத்தில் அந்த மனிதரின் பெயர் என்னவென்று நான் தெரிந்துகொள்ளவே இல்லை.

"அண்ணா, உங்க பேர் இன்னா?"

யாரோ வேறு ஒருவரைப் பற்றிக் கேட்டதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நல்ல பெயர். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று நிறுத்தி நிறுத்தி எழுதினேன்.