பிக்குமாருக்கு முந்தி நனைந்த கை

மாப்பிள்ளையைப் பெற்றவளுக்கு வாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, வயிறு மட்டும் சொல்லுக் கேட்கிற வயிறாக இருக்கவேண்டும். என் வயிறு அப்படிப்பட்டது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். சில்க்போர்க் என்ற டேனிஷ் ஊருக்கு அங்காலே, வயல் நடுவில், ஒரு பழைய மாட்டுக் கொட்டிலில் வைத்து அது என்னைக் காட்டிக்கொடுத்தது.

என் மகன் சுதன் சில்க்போர்க்கில் ஒரு தொழிற்சாலைக் கந்தோரில் வேலை செய்கிறான். அங்கேயே பிம் என்ற தாய்லாந்துப் பிள்ளையை விரும்பிவிட்டான். பிள்ளையில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைப்பாள், என் மீன்குழம்பைச் சட்டியோடு வழித்துச் சாப்பிடுவாள். (என் சொந்தப் பிள்ளைகள் அதைக் கண்டால் பீட்சாவுக்குப் போன் போடுகிற ஆட்கள்.) எனக்கு இருந்த கோபமெல்லாம் இவன் என்னை ஒரு சொல் கேட்காமல் முடிவெடுத்ததுதான். ஆகையால் சம்மதம் என்ற சொல்லை நான் வாயில் இருந்து விடவேயில்லை.

ஒருநாள் போன் எடுத்தான்.

"அம்மா, பிம்மின்ரை அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடுறா."

"வாறன். ஆனால் சாப்பிடமாட்டன்."

"ஏனம்மா? அவை நல்லாச் சமைப்பினம்."

"நல்லாச் சமைக்கிறது வேறை, நான் கை நனைக்கிறது வேறை. பெண் வீட்டிலை கை நனைச்சால் சம்மதம் எண்டுதான் அர்த்தம். நான் இன்னும் யோசிச்சு முடிக்கேல்லை."

"எவ்வளவு காலம் யோசிப்பியள்?"

"என்னைக் கேக்காமல் நீ எவ்வளவு காலம் யோசிச்சனியோ, அவ்வளவு காலம்."

அவன் பெருமூச்சு விட்ட சத்தம் போனில் காற்றடித்ததுபோலக் கேட்டது. பிறகு, ஞாயிற்றுக்கிழமை முதலில் அவர்களுடைய கோயிலுக்கு வாருங்கள், அதற்குப் பிறகு வீட்டுக்குப் போவோம், நான் காரில் வந்து ஏற்றுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். மகனின் காரில் போய் இறங்கினால் பாதிச் சம்மதம் காரிலேயே போய்விடும். என் காசில், என் காலில் போய் இறங்கினால்தான் மாப்பிள்ளை பகுதிக்கு மதிப்பு.

அதோடு, மலிவாய்ப் பயணம் செய்வதில் என்னை வெல்ல நாங்கள் இருக்கிற ஹோர்சன்ஸில் ஆள் இல்லை. வயதானவர்களுக்கான டிக்கெட்டில் இந்த நாட்டில் கோச்சியும் பஸ்ஸும் ஓடுகிற இடமெல்லாம் பார்த்துவிட்டேன். கடல் பார்த்தேன், கோட்டை பார்த்தேன், ஒரு இடத்திலும் கடைச் சாப்பாடு வாங்கியதில்லை. கோட்டை வாசலில் குந்தியிருந்து இடியப்பம் சாப்பிட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். அன்றைக்கும் றொட்டி, கட்டைச்சம்பல், அவித்த முட்டை, பிளாஸ்கில் தேத்தண்ணி எல்லாம் கட்டிப் பையில் வைத்தேன். வழியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனால், பெண் வீட்டில் அமிர்தமே வைத்தாலும் கை நீளாது. அதுதான் என் திட்டம்.

திட்டத்தில் ஒரேயொரு ஓட்டை இருந்தது. பையைத் தூக்குகிற வேலையை என் மனுசனிடம் கொடுத்திருந்தேன்.

சில்க்போர்க்கில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது, "சரி, பையைத் தாருங்கோ, சாப்பிடுவம்" என்றேன்.

"எந்தப் பை?"

"எந்தப் பையோ! உங்கடை காலடியிலை இருந்த பை!"

"அதை நீர் எடுத்தனீர் எண்டெல்லோ நினைச்சன்."

நாங்கள் வந்த பஸ் வளைவில் திரும்பி, என் சம்பலோடு மறைந்துகொண்டிருந்தது. மனுசன் அதற்குக் கையைக் காட்டினார், போகிற விருந்தாளிக்குக் காட்டுவதுபோல. பக்கத்துப் பெற்றோல் நிலையத்தில் பாணுக்குள் எதையோ செருகி விற்றுக்கொண்டிருந்தார்கள். விலையைப் பார்த்தேன். அந்த விலைக்கு நான் ஒரு கிழமை சமைப்பேன். வேண்டாம் என்று திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா இல்லையா என்று அதற்கே தெரியாத ஒரு பஸ்ஸுக்காகக் குளிரில் நின்றேன். மனுசன் மட்டும் போய் ஒரு பாணை வாங்கி, எனக்கு முன்னாலேயே நின்று தின்றார். "நீர்தானே வேண்டாம் எண்டனீர்."

பஸ்ஸால் இறங்கி வயல் வழியே நடந்தோம். எருவின் மணம். எதிர்க்காற்று. கோயில் என்றால் ஒரு கோபுரமாவது தெரியும் என்று பார்த்தால், அது யாரோ ஒரு கமக்காரன் விற்றுவிட்டுப் போன பண்ணை வீடு. மாட்டுக் கொட்டிலைத் திருத்தி, உள்ளே தங்க நிறத்தில் பெரிய புத்தரை வைத்திருந்தார்கள். வாசலில் சப்பாத்துகள் மலைபோல் குவிந்து கிடந்தன.

பிம்மின் தாய் மாலி ஓடி வந்து கைகூப்பினா. கணவனை இழந்தவ. வயோதிபர் இல்லமொன்றில் வேலை. அவவின் டேனிஷும் என் டேனிஷும் ஒரே வகுப்பில் பெயிலானவை, அதனால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கியது. சுதன் பழக்கி வைத்திருக்கவேண்டும், என்னை "அக்கா" என்றா. பெயர் கேட்கவில்லை, சுகம் கேட்கவில்லை, முதல் கேள்வியே, "அக்கா, சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டாச்சு" என்றேன். என் வயிறு அதே நேரத்தில் பெரிதாக மறுத்துப் பேசியது.

அதற்குப் பிறகு என்னை விட்டார்களா? கையில் கிண்ணம் இல்லாமல் ஒரு பெண்ணும் என் பக்கம் வரவில்லை. ஒருத்தி வாழைப்பழப் பொரியல் கொண்டுவந்தாள். ஒருத்தி வாழையிலையில் சுற்றிய ஏதோ பலகாரம். வேண்டாம் என்று தலையாட்டினால் சிரித்துக்கொண்டு போவார்கள், அடுத்தவள் அதைவிட மணமான ஒன்றோடு சிரித்துக்கொண்டு வருவாள். எங்கள் ஆட்களானால் இரண்டு தரம் மறுத்ததும் முகம் கறுத்துப்போகும். இவர்கள் முகம் கறுக்கிற சாதி இல்லை. சிரித்தே கொல்லுகிற சாதி.

தப்பினால் போதும் என்று கொட்டிலுக்குள் போனேன். பெண்கள் பாயில் முழங்காலை மடித்து இருந்தார்கள். என் முழங்கால் அந்தச் சோலிக்கெல்லாம் வராது. சுற்றிப் பார்த்தேன். சுவரோரமாக, நிலத்தை விட உயர்வாக ஒரு மேடை. அதில் வரிசையாக மெத்தைகள். ஒவ்வொரு மெத்தைக்கு முன்னாலும் சாப்பாட்டுத் தட்டு. முதல் மெத்தைக்கு முன்னால் இருந்த தட்டு எல்லாவற்றிலும் அழகு, ஓரத்தில் பூவெல்லாம் வைத்திருந்தது.

இப்போது நினைத்தாலும் என் மண்டையில் நானே குட்டவேண்டும்போல் இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மாப்பிள்ளையின் தாய் வருகிறாள், முழங்கால் வருத்தக்காரி, உயரமான இடத்தில் இருத்தி மரியாதை செய்கிறார்கள், பரவாயில்லை, முறை தெரிந்த சனம் என்று நினைத்துக்கொண்டு ஏறி முதல் மெத்தையில் இருந்தேன்.

கொட்டில் முழுக்கச் சத்தம் நின்றது. அதையும் மரியாதை என்றே எடுத்தேன்.

தட்டு மூக்குக்கு நேரே. தேங்காய்ப்பாலில் கத்தரிக்காயும் மீனும் போட்ட பச்சைக் கறி. சின்னக் கூடையில் ஒட்டுச்சோறு. மாம்பழத் துண்டும் பாலில் ஊறிய இனிப்புச் சோறும். கோயிலில் மீன் மணந்தது கொஞ்சம் இடித்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் என் மூளை வழக்கறிஞர்போல வேலை செய்தது. கை நனைக்கக்கூடாது என்பது பெண் வீட்டில்தானே? இது கோயில். கோயிலில் போடுகிறது அன்னதானம். அன்னதானம் சாமியின் சாப்பாடு. அதைச் சாப்பிட்டால் சாமிக்குச் சம்மதம், எனக்கல்ல!

கீழே இருந்த ஒரு பிள்ளையிடம் தட்டைக் காட்டி, சாப்பிடலாமா என்று சைகையில் கேட்டேன். அவள் வாசலில் நின்ற மாலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சாப்பிட்டேன். என்னவென்று சொல்ல? அந்தக் கறி உறைப்பும் தேங்காய்ப்பாலும் நாரத்தங்காய் மணமும் சேர்ந்து தொண்டையால் இறங்கியபோது, காலையில் இருந்து மனுசன் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் கரைந்தே போய்விட்டது. ஒட்டுச்சோற்றை உருட்டி உருட்டிக் கறியில் தோய்த்தேன். மாம்பழத்துக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ படம் எடுத்த வெளிச்சம் இமைக்கு மேலால் தெரிந்தது. எடுக்கட்டும் என்று விட்டேன்.

கண்ணைத் திறந்தால் யன்னலுக்கு வெளியே முற்றத்தில் காவி உடுத்த பிக்குமார். தலையில் கம்பளித் தொப்பி, காலில் தடித்த காலுறை, குளிரில் வரிசையாக நிற்கிறார்கள். அதில் பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாவம், இந்தக் குளிரில் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்று எனக்கு இரக்கம் வந்துவிட்டது. 'உள்ளுக்கு வாங்கோ, நிறையச் சாப்பாடு கிடக்கு' என்று நனைந்த கையாலேயே சைகை காட்டிக் கூப்பிட்டேன்.

பெரியவர் தலையைச் சாய்த்துச் சிரித்தார். அவர்களும் சிரிக்கிற சாதிதான்.

நான் பக்கத்து மெத்தைத் தட்டில் இருந்து இன்னொரு மாம்பழத் துண்டு எடுத்தபோதுதான் என் மனுசன் வந்தார்.

"இஞ்சாரும், இறங்கும்."

"ஏன்? நீங்களும் ஏறி இருங்கோவன்."

"அது பிக்குமாற்றை இடம். அது அவையின்ரை சாப்பாடு."

வாய்க்குள் இருந்த மாம்பழம் கல்லாகிவிட்டது. "இதை முதலே சொன்னால் என்ன?"

"நீர் நல்லாச் சாப்பிட்டுக்கொண்டிருந்தனீர். குழப்புவான் ஏன் எண்டு..."

அதோடு விட்டாரா? மிச்சத்தையும் சொன்னார். அன்றைக்கு மாலியின் புருஷன் செத்த ஆட்டை நாள். அவரை நினைத்துப் பிக்குமாருக்குக் கொடுக்கவென்று மாலி வைத்த தட்டுத்தான் நான் வழித்தது. மத்தியானம் தாண்டினால் பிக்குமார் ஒன்றும் சாப்பிடமாட்டார்கள். மத்தியானத்துக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் திவசத்துக்குச் சமைத்து வைத்ததை, ஐயர் வருவதற்கு முந்தி, யாரோ ஒருத்தி ஐயரின் இடத்திலேயே ஏறியிருந்து சாப்பிட்டால் நான் என்ன செய்திருப்பேன்? வாசற்படி வரைக்கும் அவளை நடக்க விட்டிருக்கமாட்டேன், தூக்கித்தான் போட்டிருப்பேன். கை கழுவவும் நிற்காமல் குசினிக்கு ஓடினேன்.

நான் கை வைத்த வரிசை முழுவதுக்கும் பதிலாக மாலி அங்கே முட்டை உடைத்துக்கொண்டு நின்றா. அவவுக்கு வேர்த்துக் கொட்டியது. நான் கையைக் கழுவிவிட்டு வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினேன். பச்சை மிளகாயும் வெட்டினேன். அவ சோறு போட, நான் எங்கள் வீட்டு முறையில் முட்டைப்பொரியல் போட்டு எடுத்தேன். ஒரு தட்டு, அடுத்த தட்டு. பிம் ஓடி ஓடித் தூக்கிக்கொண்டு போனாள். சுதன் கதவடியில் நின்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை, முகத்தைத் துவாயால் மூடியிருந்தான்.

கடைசித் தட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் வாய் திறந்தேன். "மாலி, நான் ஏறி இருந்ததை நீர் காணேல்லையோ?"

"கண்டனான் அக்கா. நான்தான் எல்லாரையும் பேசாமல் இருங்கோ எண்டு சொன்னனான். பிக்குமாரையும் வெளியிலை நிக்கச் சொன்னனான்."

"ஏன்?"

"சுதன் சொன்னவன். அம்மா சாப்பிட்டால் கலியாணம் எண்டு."

நான் சுதனைப் பார்த்தேன். துவாய் இன்னும் மேலே ஏறியது.

"அது உம்மடை மனுசன்ரை சாப்பாடெல்லோ?"

"அவருக்கு அடுத்த வருசமும் குடுக்கலாம். நீங்கள் அடுத்த வருசம் சாப்பிடுவியளோ எண்டு எனக்குத் தெரியாதே."

அதற்கு மேலும் நான் விடவில்லை. தோற்றாலும் வழக்காடித்தான் தோற்பேன். "அது கணக்கிலை வராது. நான் சாப்பிட்டது கோயில் சாப்பாடு, பெண் வீட்டுச் சாப்பாடு இல்லை."

மாலி அடுப்பை நிற்பாட்டினா. "நான் வீட்டிலை சமைச்சுத்தான் கொண்டந்தனான், அக்கா" என்றா. சிரித்தா.

என் மனுசன் பின்னால் இருந்து, "கை நனைஞ்சால் நனைஞ்சதுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். பையை மறந்த மனுசன்! பை கையில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இன்றுவரைக்கும் அவர், பிள்ளையின் கலியாணத்தைத் தானே நடத்தி வைத்ததாக எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார்.

கலியாணம் நடந்தது. எங்கள் முறையில் ஒருதரம், அவர்கள் முறையில் ஒருதரம். இப்போது எந்த வீட்டில் பந்தி வைத்தாலும் முதல் தட்டு எனக்குத்தான் வரும். "மாமிக்குக் குடுத்தால்தான் பிக்குமாருக்குச் செமிக்கும்" என்பாள் பிம், நல்ல யாழ்ப்பாணத் தமிழில். இந்தப் பகிடியைப் பேசுவதற்காகவே அவள் தமிழ் படித்தாள் என்று எனக்குச் சந்தேகம்.

அதையாவது பொறுக்கலாம். அன்றைக்கு எடுத்த படம் இருக்கிறதே, நான் பிக்குவின் மெத்தையில் கண்ணை மூடி, கன்னம் உப்ப, ஞானம் பெற்றவள்போல் இருக்கிற படம், அதை மாலி பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுத் தன் வீட்டில் மாட்டியிருக்கிறா. அதுவும் செத்துப்போன புருஷனின் படத்துக்குப் பக்கத்தில். வருசாவருசம் ஆட்டை நாளில் கோயிலுக்கு வெளிக்கிடுவதற்கு முதல், அவரின் படத்துக்கு ஒரு தட்டும் என் படத்துக்கு ஒரு தட்டும் வைக்கிறா. மாம்பழமும் ஒட்டுச்சோறும்.

"உயிரோடை இருக்கிறவளுக்கு ஆரும் படையல் வைப்பினமோ? எடும் அதை!" என்று நானும் ஒவ்வொரு வருசமும் கத்துகிறேன்.

அவ சிரிக்கிறா. தட்டை எடுக்கிறா. எடுத்து என் கையில் தருகிறா.

வீணாக்கக்கூடாது என்பதால் சாப்பிடுகிறேன். வேறொன்றுக்கும் இல்லை.